மூக்குக்கு அடியைப் பார்

அன்புள்ள ரவி,

கடிதமும் படமும் கிடைத்தன. ஹட்டனில் இரண்டு கிழமையாக மழை விடவில்லை. தோட்டத்தில் கொழுந்து நிற்கிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை. மகள் ஏ.எல்.லுக்கு உயிரியல் எடுத்திருக்கிறாள். உன் படத்தை அவளும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம்.

வாழைச்சேனையில் இறக்கிய அந்தச் சுறாவை மேக்கோ என்று எழுதியிருந்தாய். சரிதான் மச்சான், ஆனால் மேக்கோவில் இரண்டு இனம் உண்டு. பக்கச் செட்டையைத் தலையோடு ஒப்பிட்டுப் பார். தலையைவிடக் குட்டை என்றால் அது குட்டைச் செட்டை மேக்கோ. தலையளவுக்கோ அதற்கு மேலோ நீண்டிருந்தால் நீளச் செட்டை. உன் படத்தில் இருப்பது இரண்டாவது என்றுதான் எனக்குப் படுகிறது. உறுதியாகச் சொல்ல மூக்குக்கு அடியைப் பார்க்க வேண்டும்: குட்டைச் செட்டைக்கு அங்கே வெள்ளை, வளர்ந்த நீளச் செட்டைக்குப் புகை படிந்தாற்போல் கருமை. நீயோ முதுகுப் பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறாய். அடுத்த தடவை புரட்டிப் போடச் சொல். (சுறாவைக் கருவாடாக மட்டுமே கண்டவன் பாடம் நடத்துகிறான் என்று சிரிக்காதே.)

குட்டைச் செட்டை பேர்போனது. சுறாக்களில் அதை மிஞ்சிய வேகக்காரன் இல்லை. சூரையையே துரத்திப் பிடிக்கும். சுற்றியுள்ள தண்ணீரைவிட உடம்பைச் சூடாக வைத்திருக்கும். ஆனால் பெண் சுறா பருவத்துக்கு வர 18 வருடம்கூட ஆகும். குட்டிகளை 15 முதல் 18 மாதம் சுமக்கும். வயிற்றுக்குள் அவை தாயின் முட்டைகளைத் தின்றே வளர்கின்றன. மகள் இதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். இப்படி ஆறுதலாகப் பெருகும் மீன் சூரைத் தூண்டில்களில் ஓயாமல் மாட்டிக்கொண்டிருந்தால் எப்படித் தாங்கும்?

எனக்குக் கூடுதல் கவலை மற்றதைப் பற்றித்தான். 1966இல்தான் கியூபாவில் ஒருவர் அதைத் தனி இனமாக விவரித்தார். ஒரு ஈற்றில் 2 முதல் 8 குட்டிகள்தான். குட்டைச் செட்டை 25 வரைகூடப் போடும். ஆராய்ச்சியெல்லாம் பேர்போனவன் பின்னால் போக, இதைப் பல நாடுகளில் ‘மேக்கோ’ என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். தனிக் கணக்கு இல்லாத மீன் குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

2019இல் இரண்டையுமே அழியும் ஆபத்தில் உள்ள இனங்களாக அறிவித்தார்கள். அதே வருடம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு கொழும்பில் நடக்க இருந்தது நினைவிருக்கிறதா? உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் இரண்டின் வணிகத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. அதிலும் நீளச் செட்டையைச் சேர்த்ததற்குச் சொன்ன காரணம், இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பது. அந்த மட்டுக்காவது இடம் கிடைத்ததே!

பொங்கலுக்கு மேலே வருகிறாய்தானே? குளிருடுப்பு இங்கே இருக்கிறது, தூக்கிக்கொண்டு வராதே. அப்புறம், அந்தப் பல நாள் படகுக்காரர்கள் தங்கள் பதிவுப் புத்தகத்தில் இந்த மீனை என்ன பெயரில் எழுதினார்கள் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
செல்வம்