பந்தலில் ஒலிக்கப் போகும் பாட்டு

அன்புள்ள நண்பா,

நலம்தானே? வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். பினாங்கில் மழைதான் விட்டபாடில்லை.

தைப்பூசப் பாட்டுக்கென்று நீ அனுப்பிய டிராக்குகளை, அதாவது குரலும் வாத்தியங்களும் தனித்தனியாக உள்ள பதிவுகளை, எல்லாம் கேட்டேன். உன் தங்கை மகளின் குரலில் என்ன ஒரு நிதானம்! கோலாலம்பூர் செந்தூலில் அந்தச் சின்ன அறையில், பக்கத்து வீட்டார் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து உறுமியைப் பதிவு செய்திருக்கிறாய். இந்த வயதிலும் உனக்கு அந்த ஆசை குறையவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவற்றை ஒரே பாட்டாகக் கலக்கும் மிக்ஸ் பற்றிக் கேட்டிருந்தாய். முதலில் எல்லாவற்றையும் மோனோவில், அதாவது இரண்டு பக்கத்திலும் ஒரே ஒலியாக, வைத்துச் சரிசெய். இடது, வலது என்று பிரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள். இந்தப் பாட்டு எங்கே ஒலிக்கப் போகிறது? தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில், தண்ணீர்ப்பந்தலின் பெரிய ஸ்பீக்கர்களில். ஒரு பெட்டிக்கு முன்னால் நிற்பவருக்கு எதிர்ப்பக்கத்துப் பெட்டியில் வருவது காதில் விழாது. நீ ஆர்மோனியத்தை முழுக்க இடதில் தள்ளியிருக்கிறாய். பாதிப் பேருக்கு அது இல்லாத பாட்டுதான் கிடைக்கும்.

உறுமிக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்தது நல்ல யோசனை. தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே அருமை, சேர்த்தால் அடிநாதம் காணாமல் போகிறது. ஒரு தோலை அடிக்கும்போது அது உள்ளே போகிறது, உள்ளிருக்கும் காற்று மறுபக்கத் தோலை வெளியே தள்ளுகிறது. அதனால் ஒரு மைக்கில் அலை ஏறும் நேரம் இன்னொன்றில் இறங்குகிறது. கூட்டினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஏதாவது ஒரு டிராக்கில் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை அழுத்தினால் போதும். இங்கே அழுத்திப் பார்த்தேன், அந்த உறுமல் அப்படியே திரும்பி வந்தது. கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

கோரஸிலும் இதே சிக்கல் உண்டு. ஒரே டிராக்கை நகல் எடுத்து, 10 மில்லிசெகண்ட் தள்ளி, இரண்டு பக்கமும் போட்டிருக்கிறாய். ஹெட்போனில் அகலமாகத் தெரியும். மோனோவில் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஒலி குறையும் பள்ளங்கள் விழுந்து, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். நகலை எடுத்துவிட்டு, அவர்களையே இன்னொரு முறை பாடச் சொல். மனிதர் இரண்டு முறை பாடினால் இரண்டும் ஒன்றாக இருக்காது, அந்த வித்தியாசமே அகலத்தைத் தரும்.

இரவில் சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் மிக்ஸ் செய்கிறாய் என்று நினைக்கிறேன், பேஸ் அவ்வளவு ஏறியிருக்கிறது. மெதுவாகக் கேட்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் குறைவாகவே எட்டும். ஒலி ஆய்வாளர்களான பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. இரவில் போதாது என்று கூட்டிய பேஸ், பந்தலில் நெஞ்சை அடைக்கும். பகலில் கொஞ்சம் சத்தமாக வைத்து ஒரு தடவை சரிபார்.

அப்புறம், மொத்த ஒலி வெளியேறும் மாஸ்டரில் சிவப்பு எரிகிறது, அளவு மீறுகிறது. மாஸ்டரைத் தொடாமல், எல்லா டிராக்குகளையும் சேர்த்து இறக்கு. உச்சம் மைனஸ் 6 டெசிபல் பக்கம் நின்றால் போதும். குரலுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிடு, உறுமியில் அதைச் செய்யாதே. குரலும் ஆர்மோனியமும் முட்டும் இடத்தில் ஆர்மோனியத்தை 3 டெசிபல் குறைத்தாலே சொற்கள் தெளிந்துவிடும். காவடி எடுப்பவருக்கு முருகன் பெயர் தெளிவாகக் கேட்க வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

ஒரு உதவி வேண்டும். குரல் டிராக்கில் ரிவெர்ப் எனும் எதிரொலி விளைவு சேர்த்தே பதிவாகியிருக்கிறது, அதை இனி என்னால் பிரிக்க முடியாது. ரிவெர்ப் இல்லாத மூல டிராக் உன் கணினியில் இருந்தால் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்திலேயே அனுப்பு. எம்பி3 வேண்டாம். வந்ததும் ஒரு மிக்ஸ் போட்டு, என் காரிலும் கைப்பேசியிலும் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உன் பினாங்குத் தோழன்