அழிறப்பர் தொலைந்த வகுப்பு

கொட்டகலை, இலங்கை

அன்பு நண்பா,

உன் கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து நீ மறுபடியும் நடக்கத் தொடங்கியிருப்பது பெரிய நிம்மதி. இங்கே விடாத மழை.

ஆசிரியப் பயிலுநர்களுக்கு ஒழுக்கக் கல்வியை எப்படிக் கற்பிக்கிறேன் என்று கேட்டிருந்தாய். தனி விரிவுரையாக அதைக் கற்பிக்கலாம் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. சமய பாடமும் குடியியற் கல்வியும் இருப்பதால், கணிதமோ சுற்றாடலோ கற்பிக்கும் வேளையில் அந்தப் பொறுப்புத் தமக்கில்லை என்று பயிலுநர்கள் எண்ணிக்கொள்கிறார்கள்.

சென்ற தவணை ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில், தரம் 4 கணித பாடத்தைப் பார்வையிட அமர்ந்திருந்தேன். பயிலுநரின் பாடக்குறிப்பில் ‘விழுமியம்: நேர்மை’ என்று அழகாக எழுதியிருந்தது. வகுத்தல் கணக்கின் நடுவில் ஒரு சிறுமியின் அழிறப்பரைக் காணவில்லை. “எடுத்தவர் எழுந்து நில்லுங்கள்” என்றார் பயிலுநர். யாரும் எழவில்லை, ஆனால் வகுப்பின் கண்கள் எல்லாம், அவருடைய கண்களும் கூட, கடைசி வாங்கில் தனியே இருந்த ஒரு சிறுவன் மீது திரும்பின. பிறகு நேர்மையைப் பற்றி ஒரு சிறு உபதேசம். அழிறப்பர் மேசை இடுக்கில் கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, விட்ட கணக்கை அவர் தொடர்ந்தார்.

ஒழுக்கத்தைப் பற்றி அறிந்திருப்பது வேறு, நடத்தையில் இறங்கி அதைத் திருத்தும் எண்ணம் வேறு என்று அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் டூயி 1909இலேயே பிரித்துக் காட்டினார். விரிவுரையில் எத்தனையோ முறை நான் சொன்னதுதான். அந்த வாங்கைப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. பிரம்பைக் கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை போட்டு விலக்கியது. பார்வையை எந்தச் சுற்றறிக்கை விலக்கும்?

என் கணக்கும் சுத்தமில்லை. தினமும் பிந்தி வந்த ஒருவனை ஒரு தவணை முழுக்க வாசலில் நிறுத்தினேன். தாய் கொழுந்தெடுக்க மலைக்குப் போனபின், தங்கையைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு அவன் ஓடி வருகிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.

கல்வியியற் கல்லூரியில் 2 ஆண்டுகள் படித்தவர்கள் மூன்றாம் ஆண்டைப் பாடசாலையில் கழிக்கிறார்கள் அல்லவா, அந்த ஆண்டில்தான் இவை கைக்கு வர வேண்டும். ஆகவே பாடக்குறிப்பில் விழுமியத்தை முன்கூட்டி எழுத வேண்டாம் என்றேன். பாடம் முடிந்தபின், எந்த இடத்தில் நியாயம் பார்க்க நேர்ந்தது, என்ன செய்தேன் என்று இரண்டு வரி எழுதினால் போதும். இதற்குப் புள்ளி போட வேண்டும் என்கிறார் சக விரிவுரையாளர் ஒருவர். நான் இசையவில்லை; புள்ளி வந்தால் நமக்குப் பிடித்ததையே எழுதித் தருவார்கள்.

அந்தப் பயிலுநர் மறுநாள் வகுப்பின் முன் சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டதாக எழுதியிருந்தார். அவன் ஒன்றும் பேசவில்லையாம். அழிறப்பருக்கு உரியவள்தான் எழுந்து, “நானும் அவனைத்தான் நினைச்சேன் டீச்சர்” என்றாளாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்