ட்ரெயிலரில் அடிக்கடி அணையும் பாதுகாப்பு பிளக் பொயின்ட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கு, உள்ளே தங்கும் வசதியுள்ள ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு ஒன்ராறியோவின் பூங்காக்களுக்குச் செல்லும் நம்மவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மே மாத நீண்ட வார இறுதியில், இரவு முழுவதும் பெய்த மழைக்குப் பின், எங்கள் ட்ரெயிலரின் குளியலறையில் உள்ள ஜி.எஃப்.சி.ஐ. பிளக் பொயின்ட் (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு பிளக் பொயின்ட்) ரிசெட் பொத்தானை அழுத்திய மறுகணமே அணைந்துகொண்டிருந்தது. அதில் செருகியிருந்த அனைத்தையும் கழற்றிய பின்னரும் அதே நிலைதான். தொலைபேசியில் விசாரித்தபோது, திருத்த வேலை செய்யும் ஒருவர், அதை எடுத்துவிட்டுச் சாதாரண பிளக் பொயின்டைப் பூட்டினால் தொல்லை தீரும் என்றார். பலரும் இதையே செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதே என்னை எழுதத் தூண்டியது.

ஊரில் நம் வீடுகளில் இருக்கும் ட்ரிப் சுவிட்ச் பொதுவாக 30 மில்லி அம்பியர் கசிவுக்கு அணையும், இங்குள்ள ஜி.எஃப்.சி.ஐ. ஏறத்தாழ 5 மில்லி அம்பியருக்கே அணைந்துவிடும். மனித உடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்று ஆராய்ந்த பேராசிரியர் சார்ள்ஸ் டால்சியல் 1961இல் கலிபோர்னியாவில் உருவாக்கிய இக்கருவி, போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்பதைப் பார்க்கிறது; சமமில்லை என்றால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். டயர்களின் மேல் நிற்கும் ட்ரெயிலரின் உலோக உடலுக்கு ஏர்த் தருவது மின்கேபிளில் உள்ள ஒரு கம்பிதான். அது அறுந்திருக்கும் வேளையில் உள்ளே கசிவு ஏற்பட்டால், ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுப் பிடியைத் தொடும் பிள்ளையின் உடல் வழியாகவே மின்சாரம் தரைக்கு இறங்கும். ஜி.எஃப்.சி.ஐ.யை எடுத்துவிட்டுச் சாதாரண பிளக் பொயின்டைப் பூட்டினால், அதன் வழியே ஏற்படும் இத்தகைய கசிவை உடனே துண்டிக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லாமல் போய்விடும்.

எங்கள் ட்ரெயிலரில் நடந்தது இதுதான். பூங்காவின் மின்கேபிளைக் கழற்றிவிட்டு (இன்வெர்ட்டர் உள்ளவர்கள் அதையும் நிறுத்த வேண்டும்), ஜி.எஃப்.சி.ஐ.யின் பின்புறம் 'லோட்' என்று குறித்த இடத்தில் இருந்த கம்பிகளைப் பிரித்து மூடிவிட்டு மீண்டும் மின்சாரம் கொடுத்தபோது, அது அணையாமல் நின்றது. ஆகவே கருவியில் பழுதில்லை. அதிலிருந்து தொடர்ந்து செல்லும் பிளக் பொயின்டுகளில் ஒன்றில்தான் கோளாறு. வெளிப்புறச் சுவரில் இருந்ததைத் திறந்தேன். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி, பித்தளைத் திருகாணிகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. பெட்டியை உலர்த்தி, புதிய பிளக் பொயின்டும் மூடியும் பூட்டிய பின் இன்றுவரை ஒருமுறையும் அணையவில்லை.

வீட்டு முற்றத்தில் நிறுத்தி, வீட்டின் ஜி.எஃப்.சி.ஐ.யில் ட்ரெயிலரை இணைக்கும்போது மட்டும் அது அணைந்தால், ட்ரெயிலரின் பிரேக்கர்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியினதும் தண்ணீர் சூடாக்கியினதும் மின்சூடேற்றிகளில் ஈரம் புகுந்து கசிவது வழக்கம். எல்லா பிரேக்கர்களையும் நிறுத்திய பின்னும் அணைந்தால், நியூட்ரல் கம்பியும் (மின்னோட்டம் திரும்பி வரும் கம்பி) ஏர்த் கம்பியும் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். சாதாரண பிரேக்கர் நியூட்ரலைத் துண்டிப்பதில்லை, ட்ரெயிலரின் பிரேக்கர் பெட்டியில் இவ்விரு கம்பிகளும் இணையவே கூடாது. இந்த இடத்தில் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைப்பதே முறை.

ட்ரெயிலரை வாடகைக்கு எடுப்பவர்கள், சாவியை வாங்குமுன் மின்சாரத்தை இணைக்கச் சொல்லி, ஜி.எஃப்.சி.ஐ.யின் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது அணையவில்லை என்றாலோ, அந்த இடத்தில் சாதாரண பிளக் பொயின்ட் இருந்தாலோ, அந்த ட்ரெயிலரை எடுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ