திரையில் மடிந்த புரதத்துக்கு மட்டும் நிதி தராதீர்கள்

புரத வடிவமைப்புத் திட்டங்களை மதிப்பிடும் ஆய்வு நிதிக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பாதி, கணினிவழிப் புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கருக்குப் போனது. அதன்பின் இத்துறை விண்ணப்பங்கள் உங்கள் மேசையில் குவிவதில் வியப்பில்லை. ஆனால் அவற்றில் பலவற்றில் ஜிபியு (கணினிக் கணக்கீட்டுச் சில்லு) செலவு தாராளம், ஆய்வகச் செலவு பெயருக்கு. அதைத் தலைகீழாக்கச் சொல்லுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கணினிப் பகுதி இன்று கடினமல்ல. ஓர் இலக்குப் புரதத்தில் ஒட்டும் சிறு புரதம் வேண்டுமா? இலக்கின் மேற்பரப்பில் நீரை விலக்கும் அமினோ அமிலங்கள் சிலவற்றைக் குறித்துக் கொடுத்தால், ஆர்எஃப்டிஃப்யூஷன் என்ற மென்பொருள் ஆயிரக்கணக்கில் சங்கிலி வடிவங்களைத் தரும். ஒவ்வொரு வடிவத்துக்கும் பொருந்தும் அமினோ அமில வரிசையைப் புரோட்டீன்எம்பிஎன்என் என்ற மென்பொருள் எழுதும். அந்த வரிசையை, வடிவம் கணிக்கும் மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டு 2 தன் கணிப்பில் மடித்துக் காட்டும். பிஎல்டிடிடி என்ற மதிப்பெண் நூற்றுக்கு 80க்கு மேல், இரு புரதங்களுக்கிடையிலான பிஏஇ (கணிப்பில் எதிர்பார்க்கும் பிழை) 10க்குக் கீழ், வடிவமைப்புக்கும் கணிப்புக்கும் விலகல் 1 ஆங்ஸ்ட்ராமுக்குள் (நானோமீட்டரில் பத்தில் ஒன்று) என்றால் தேர்ச்சி. விண்ணப்பங்களில் வரும் வண்ணப் படங்கள் எல்லாம் இந்த வடிகட்டியைத் தாண்டியவைதான்.

சிக்கல் இங்கேதான். பிஎல்டிடிடி என்பது மென்பொருளுக்குத் தன் கணிப்பின் மேல் இருக்கும் நம்பிக்கை. புரதம் கரையுமா, நிலைக்குமா, பாக்டீரியாவுக்குள் உருவாகுமா என்பது அதில் இல்லை. புரதத்தின் உள்மையத்தைக் குலைக்கும் ஒற்றை மாற்றத்தைச் செய்தாலும் மதிப்பெண் அசையாமல் நிற்பதுண்டு.

2023இல் வெளியான ஆர்எஃப்டிஃப்யூஷன் கட்டுரையையே பாருங்கள். ஐந்து இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் 95 வடிவமைப்புகள். எல்லாமே வடிகட்டியில் தேறியவை. ஆய்வகத்தில் ஒட்டியவை ஏறத்தாழ 19 விழுக்காடு, அதுவும் 10 மைக்ரோமோலார் என்ற உயர்ந்த செறிவில் பார்த்த கணக்கு. முந்தைய முறைகளில் ஒரு விழுக்காடுகூடத் தேறாத இலக்குகள் இருந்ததால், இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் பத்து வடிவமைப்புகளை மட்டும் சோதிக்கப் பணம் கேட்பவர் என்ன கண்டுபிடிப்பார்?

எங்கே சறுக்குகிறது என்பதும் தெரிந்த கதைதான். கணக்கு விரைவாக ஓட இலக்கை வெட்டிச் சிறிதாக்குவார்கள். வெட்டிய இடத்தில், முழுப் புரதத்தில் உள்ளே மறைந்திருக்கும் பசைத்தன்மையுள்ள பகுதி வெளியே தெரியும். வடிவமைப்பு அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும், மதிப்பெண்ணும் அருமையாக வரும். முழு இலக்கிலோ அந்த இடமே கிடையாது. இலக்கின் அமைப்பு பதிவான கணினிக் கோப்பில் விடுபட்ட சர்க்கரைச் சங்கிலிகள் உயிரணுவில் அதே மேற்பரப்பை மூடியிருப்பது இன்னொரு வகை. ஒட்டும் முகத்தில் நீரை விலக்கும் அமினோ அமிலங்கள் மிகுந்துபோனால், புரதம் தன்னோடு தானே ஒட்டி, அதை உருவாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் கரையாத திரளாகிவிடும். கரைந்து வந்தாலும், அளவு பிரிக்கும் குரோமட்டோகிராபியில் (பெரியவை முதலில் வெளிவரும் முறை) 10 கிலோடால்டன் எடையுள்ள சிறு புரதம் தனக்குரிய இடத்தில் வராமல் தொடக்கத்திலேயே வெளியேறினால் அதுவும் திரள்தான்.

சின்ன விஷயங்களும் காலை வாரும். டிரிப்டோஃபான், டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் இல்லாத வடிவமைப்பின் செறிவை 280 நானோமீட்டர் ஒளியின் உறிஞ்சலால் அளக்க வழியில்லை. முன்கூட்டி ஒரு டிரிப்டோஃபானைச் சேர்த்தால் தீரும். மரபணுவை ஆர்டர் செய்த பிறகு நினைவுக்கு வந்தால், அந்த வரிசைக்கு வேறு அளவீட்டு முறையைத் தேடி அலைய வேண்டியதுதான்.

ஆகவே விண்ணப்பத்தில் இவற்றைக் கேளுங்கள். ஓர் இலக்குக்கு ஒரு 96 குழித் தட்டாவது (ஒரே நேரத்தில் 96 மாதிரிகளைச் சோதிக்கும் தட்டு) நிரம்பும் அளவு மரபணுத் தயாரிப்புச் செலவு இருக்கிறதா? வெளிப்படுத்தல் (பாக்டீரியாவில் புரதத்தை உருவாக்குதல்), நிக்கலில் ஒட்டவைத்துப் பிரிக்கும் தூய்மையாக்கம், குரோமட்டோகிராபி மூன்றுக்கும் ஆளும் நேரமும் ஒதுக்கப்பட்டுள்ளதா? சுருள் அமைப்புள்ள புரதம் என்றால், வட்ட இருநிறத் தன்மை அளவீட்டில் (ஒளி உறிஞ்சலால் மடிப்பை அறியும் முறை) 208, 222 நானோமீட்டர் பள்ளங்களைக் காட்டுவார்களா, 95 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிப் பார்ப்பார்களா?

எல்லாவற்றையும்விட முக்கியம் எதிர்ச்சோதனை. ஒட்டும் முகத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் ஒட்டுதல் போக வேண்டும். தொடர்பில்லாத புரதத்தில் ஒட்டவே கூடாது. இந்த இரண்டும் இல்லாமல் “நானோமோலார் பிணைப்பு” (மிக வலுவான ஒட்டுதல்) என்று வரும் வரைபடத்தை நாங்கள் நம்புவதில்லை. எல்லாவற்றிலும் ஒட்டும் புரதமும் அதே வரைபடத்தைத்தான் தரும்.

புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் அதன் அமைப்பைக் காண்பது செலவு மிக்கது. எல்லா வடிவமைப்புக்கும் கேட்பது நியாயமில்லை. ஆனால் சிறந்த ஒன்றுக்காவது அதற்கான பணத்தை வெட்டாதீர்கள். 2003இல் 93 அமினோ அமிலங்கள் கொண்ட டாப்7 என்ற வடிவமைத்த புரதம், இயற்கையில் காணாத மடிப்பு என்று ஏற்கப்பட்டதற்குக் காரணம், எக்ஸ் கதிர் அமைப்பு வடிவமைப்போடு ஏறத்தாழ 1.2 ஆங்ஸ்ட்ராம் விலகலில் பொருந்தியதுதான். மென்பொருள் மதிப்பெண் அல்ல.

இறுதியாக, ஆர்டர் செய்த எல்லா வரிசைகளையும், தோற்றவை உட்பட, எந்தப் படியில் தோற்றன என்ற குறிப்போடு பொதுக் களஞ்சியத்தில் இடுவதை நிதி நிபந்தனையாக்குங்கள். “ஒட்டவில்லை” என்பதும் “உருவாகவே இல்லை” என்பதும் தனித்தனி நெடுவரிசையில் வர வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்த அட்டவணையை வைத்து அடுத்த கணினி மாதிரியைப் பயிற்றுவிக்க முடியாது.

இப்படிக்கு,
புரத வடிவமைப்பிலும் ஆய்வகச் சோதனையிலும் பணிபுரிவோர் சிலர்