பின்வீட்டை அந்த ரீச்சருக்கே கொடுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமை. பதில் போடாதது என் பிழைதான், கோபிக்காதீர்கள். நாங்கள் மூவரும் சுகம். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் இன்னும் குளிர் விடவில்லை, சின்னவனுக்கு இரண்டு சோடி காலுறை போட்டுத்தான் வெளியே கூட்டிப்போகிறேன். நீங்கள் அனுப்பிய மிளகாய்த்தூள் முடியப்போகிறது.

வீடு மாறிவிட்டோம். அதற்கு எட்டு இடம் ஏறி இறங்கினோம். ஓரிடத்தில் போனில் எல்லாம் சரி என்ற வீட்டுக்காரி, எங்களையும் பிள்ளையையும் நேரில் கண்டதும் வேறு ஆள் வந்துவிட்டது என்றாள், எங்கள் சமையல் மணம் சுவரில் பிடித்துவிடும் என்றும் சொன்னாள். அன்றிரவு புட்டு அவிக்கவே மனம் வரவில்லை.

பழைய இடத்து ஜமேக்கா ஆச்சி, ஜனவரியிலும் வாசலில் கதிரை போட்டு இருப்பார் என்று சொன்னேனே, அவரிடம் இதைச் சொன்னேன். வந்த புதிதில் அவருக்கும் இப்படிக் கதவடைத்தார்களாம். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் 1962இலேயே மனித உரிமைச் சட்டம் வந்துவிட்டது. இப்போது நிறம், பிறந்த நாடு, சமயம், பிள்ளை இருப்பது, அரச உதவிப்பணம் எடுப்பது, எதைக் காட்டியும் வீடு மறுக்க முடியாது. கனடாவில் முன்பு வாடகைக்கு இருந்ததில்லை என்பதையும் குறையாகப் பிடிக்கக்கூடாது. அப்படி மறுத்தால் ஒரு வருடத்துக்குள் மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். படிவத்தை எடுத்து வைத்திருக்கிறேன், கட்டாயம் நிரப்புவேன்.

ஆனால் வீட்டுக்காரரோடு ஒரே குசினியோ குளியலறையோ பாவித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. நாங்கள் இப்போது இருப்பது அப்படியான இடம்தான். மனிதர் நல்லவர், என்றாலும் கருவாடு பொரிக்கும்போது எனக்கு நெஞ்சு அடிக்கிறது. இந்த மாதம் காசு கொஞ்சம் குறைவாக வரும், வீடு மாறின செலவுதான், வேறொன்றுமில்லை.

நேற்றுப் பனி கொட்டக் கொட்ட யன்னலடியில் நின்றேன். நம் கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டால் போதும் என்றிருந்தது அம்மா.

மற்றது, பின்வீடு. அந்த ரீச்சர் வந்து கேட்டதற்கு, எந்தச் சாதி ஆக்கள் என்று விசாரிக்க வேண்டும் என்று அப்பா இழுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நான் அப்படியொரு வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றவள். வாடகையும் முன்பணமும் பேசுங்கள், வேறெதுவும் கேட்கவேண்டாம், அவவுக்கே கொடுங்கள். அப்பாவுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன் பின்வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றச் சொல்லித் தம்பியிடம் சொல்லுங்கள், குசினிப் பக்கம்தான் ஒழுகும்.

அன்புடன்,
உங்கள் பெரியவள்