அதே வாரத்தில் பஹ்ரைன்

ஆசிரியர் அவர்களுக்கு,

2011இல் அரபு நாடுகளில் ஆட்சியாளர்களை எதிர்த்து நடந்த மக்கள் எழுச்சிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, லிபியாவில் மேற்கு நாடுகள் மக்கள் பக்கம் நின்றன என்று சொல்லி முடிந்துவிட்டது. அதே வாரத்தில் பஹ்ரைனில் நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பஹ்ரைனில் மன்னராட்சியை எதிர்த்து மக்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். 2011 மார்ச் 14 அன்று மன்னருக்குத் துணையாகச் சவூதிப் படையினர் சுமார் 1,000 பேர் மன்னர் ஃபஹத் கடற்பாலம் வழியாக பஹ்ரைனுக்குள் நுழைந்தார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 500 போலீசாரை அனுப்பியது. மறுநாள் நெருக்கடி நிலை அறிவிப்பு. 16ஆம் தேதி, தலைநகர் மனாமாவின் முத்துச் சதுக்கத்தில் கூடாரம் போட்டிருந்த போராட்டக்காரர்களை அடித்து விரட்டினார்கள். 18ஆம் தேதி சதுக்கத்தின் நடுவே நின்ற நினைவுச் சின்னத்தையே இடித்துத் தள்ளினார்கள் (கல்லும் சிமெண்டும் என்ன கோஷம் போட்டனவோ!). இதற்கு நடுவில், 17ஆம் தேதிதான் ஐ.நா. பாதுகாப்பு அவை லிபிய மக்களைக் காக்க ராணுவ நடவடிக்கையை அனுமதிக்கும் 1973ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 10, இந்தியா உட்பட 5 நாடுகள் வாக்களிக்கவில்லை. பஹ்ரைனுக்குப் போலீஸ் அனுப்பிய அதே அமீரகம் லிபியாவுக்குப் போர் விமானங்களை அனுப்பியது.

லிபிய ஆட்சியாளர் கடாஃபியின் படை, கிளர்ச்சியாளர்கள் கையில் இருந்த பெங்காசி நகரை நெருங்கிக்கொண்டிருந்தது உண்மை. இரண்டு நாட்டு நிலைமையும் ஒன்று என்று நான் வாதாடவில்லை. ஆனால் பஹ்ரைனுக்காகப் பாதுகாப்பு அவையில் ஒரு கண்டனத் தீர்மானம்கூட வரவில்லையே, ஏன்? அமெரிக்காவின் ஐந்தாவது கடற்படைப் பிரிவுக்குத் தலைமையகம் மனாமாவில்தான். சவூதிப் படை வருவதற்கு இரண்டு நாள் முன்பு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் அங்கே போய், சீர்திருத்தத்தை வேகப்படுத்துங்கள் என்று மன்னரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

பிரான்ஸ் இன்னும் வேடிக்கை. துனிசிய அதிபர் பென் அலி எழுச்சிக்கு அஞ்சி நாட்டை விட்டு ஓடுவதற்கு மூன்று நாள் முன்பு, கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் எங்கள் போலீசின் திறமையைத் தருகிறோம் என்று பிரெஞ்சு நாடாளுமன்றத்திலேயே சொன்னார் வெளியுறவு அமைச்சர் மிஷேல் அலியோ-மாரி. அடுத்த மாதம் அவர் பதவி போனது. அதற்கடுத்த மாதம் லிபியாவில் முதல் தாக்குதலை நடத்தியதும் பிரான்ஸ்தான்.

மேற்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எகிப்து எழுச்சியை 'இஸ்லாமிய விழிப்புணர்வு' என்று கொண்டாடிய ஈரான், சிரிய மக்கள் தெருவில் இறங்கியதும் அப்போதைய சிரிய அதிபர் அசாத்துக்கு முட்டுக்கொடுத்தது. 2011 அக்டோபரில் சிரியாவைக் கண்டிக்கும் தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன.

பஹ்ரைன் போராட்டமே ஈரானின் தூண்டுதல் என்பார்கள். மன்னரே நியமித்த, சட்ட அறிஞர் ஷெரீஃப் பஸ்யூனி தலைமையிலான விசாரணை ஆணையம் அதே ஆண்டு நவம்பரில் தந்த அறிக்கையில், அப்படியொரு தொடர்பு தென்படவில்லை என்றும், கைதிகள் சித்திரவதை செய்யப்பட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறது. காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள்மீதுகூட வழக்குப் போட்டு 15 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதித்தார்கள். பலருக்கு மேல்முறையீட்டில்தான் விடுதலை கிடைத்தது.

கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால் இந்த அறிக்கையைப் படித்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
வாசகர், மேலப்பாளையம்