சிறுநீரகக் கணக்கில் புகுந்த இனப் பாகுபாடு: நோயாளியிடம் எப்படிச் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க மருத்துவமனைகளில் பணியாற்றும் தமிழ் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம்.

தசையிலிருந்து உருவாகி ரத்தத்தில் சேரும் கழிவான கிரியேட்டினினைக் கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிடும் சூத்திரத்தில், கறுப்பினத்தவருக்கு மட்டும் விடையை உயர்த்திக் காட்டும் பெருக்கல் எண் ஒன்று 1999 முதல் இருந்தது. 2009 சூத்திரத்தில் அது 1.159. அவர்களுக்குத் தசை அதிகம் என்ற பொத்தாம்பொதுவான ஊகமே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு, திறன் (நிமிடத்துக்கு மில்லிலிட்டர் கணக்கில்) 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்பு நாட்கள் கணக்கில் ஏறும். 18 என வரவேண்டியவருக்கு 21 என்று வந்தது, நாட்கள் ஏறவில்லை. 2021-இல் இனம் பார்க்காத சூத்திரம் வந்தது. இழந்த காலத்தைத் திருப்பித் தரவும், அதை நோயாளிகளுக்குத் தெரிவிக்கவும் 2023 ஜனவரியில் மாற்று அறுவை மையங்களுக்கு விதி வந்தது.

சறுக்குவது சொல்லும் விதத்தில்தான். "கணக்கிடும் முறை மாறிவிட்டது" என்று மட்டும் சொன்னால், எண் குறைந்ததைப் பார்க்கும் நோயாளி சிறுநீரகம் மேலும் கெட்டுவிட்டதாகப் பயப்படுவார். முதலில் "உங்கள் சிறுநீரகம் திடீரென மோசமாகவில்லை" என்று சொல்லுங்கள். அடுத்த வாக்கியத்திலேயே, "நீங்கள் கறுப்பினத்தவர் என்பதற்காக எண்ணை உயர்த்திக் காட்டினார்கள், அதனால் பட்டியலில் தாமதமாகியிருக்கலாம், அது தவறு" என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இனப் பாகுபாடு என்ற சொல்லை விழுங்கிவிட்டால், நோயாளி தானாகவே அதைக் கண்டுபிடித்துக் கேட்பார். அப்போது எந்த விளக்கமும் மழுப்பலாகவே படும்.

பிறகு நிறுத்துங்கள். அவர் பேசட்டும், கோபப்படட்டும். "வேண்டுமென்று யாரும் செய்யவில்லை", "நான் எல்லோரையும் சமமாகத்தான் நடத்துகிறேன்" என்றெல்லாம் ஆரம்பித்தால், உங்களைச் சமாதானப்படுத்தும் வேலை நோயாளியின் தலையில் விழுகிறது. முன்பு எங்காவது இப்படி நடத்தப்பட்டதாக அவர் சொன்னால், அது உண்மையா என்று விசாரிக்காதீர்கள். "அதற்குப் பிறகு சிகிச்சைக்கு வர எது தடையாக இருந்தது?" என்று கேளுங்கள், மருந்தையோ பரிசோதனையையோ பாதியில் விட்ட காரணம் அங்கேதான் கிடைக்கும்.

எண்ணைக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். பழைய கிரியேட்டினின் அறிக்கைகள் வேறு மருத்துவமனைகளில் கிடக்கலாம். அவற்றைத் தேடி எடுப்பது நம் வேலை, நோயாளியின் வேலை அல்ல. திறன் முதன்முதலில் 20-ஐத் தொட்ட தேதியைப் புதிய சூத்திரத்தில் கண்டுபிடித்து, அதை ஆதாரமாக வையுங்கள். காலம் திரும்பக் கிடைத்தாலும் உடனே உறுப்பு கிடைத்துவிடாது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
சிறுநீரகப் பிரிவில் பணியாற்றும் சில மருத்துவர்கள், செவிலியர்கள்